தண்ணீர்க்கோள்: கடைசி வாரம்

நிலவிலிருந்து வந்த கேள்வி ஒரே வரிதான். கதவைத் திறந்தபோது கேப்டனிடம் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்தது?

அதற்குப் பதில் தேடித்தான் நான் புளியங்குடிக்கு வந்தேன். வரிசையாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

நிலவின் தென்முனையில், வெயிலே படாத பெரும்பள்ளம் ஒன்றின் விளிம்பில், நம் ஆட்கள் கட்டிய குடியிருப்பு இருக்கிறது. நிலவுக்குடி என்று பெயர். அங்கே ஒரு முறை உண்டு. வெளியிலிருந்து யார் வந்து கதவைத் தட்டினாலும் முதலில் திறக்க வேண்டும். அடுத்து, குடிக்கத் தண்ணீர் தர வேண்டும். வந்தவர் குடித்து முடித்த பிறகுதான் பெயரும் ஊரும் கேட்கலாம். இதை ஏற்படுத்தியவர் அந்தக் குடியிருப்பின் முதல் பொறியாளர் சங்கிலி. புளியங்குடி கீழத்தெருவில் பிறந்தவர். ஏன் இப்படி ஒரு முறை என்று கேட்டவர்களிடம் எல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். "சின்ன வயசுல எங்க ஊரு கேபிள் டிவியில 'தண்ணீர்க்கோள்'னு ஒரு தொடர் வந்துச்சு. அதுல கேப்டன் அப்படித்தான் செஞ்சாரு."

சங்கிலி இப்போது இல்லை. அவர் வைத்த முறை மட்டும் இதுவரை தடங்கல் இல்லாமல் நடந்துவந்தது. இந்த வருடம் அங்கே பனிக்கட்டியை வெட்டி உருக்கும் இயந்திரம் பழுதாகி, தண்ணீரை அளந்து குடிக்கும்படி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பள்ளத்தின் மறுகரையில் இருந்த சுரங்க முகாமை அதன் முதலாளிகள் கைவிட்டுவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் வண்டிகளில் ஏறி நிலவுக்குடியை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

நிலவுக்குடியில் சபை கூடியது. பாதிப்பேர் திறப்போம் என்றார்கள். மீதிப்பேரும் திறக்கமாட்டோம் என்று சொல்லிவிடவில்லை. அதுதான் அவர்களுடைய நாகரிகம். "கேப்டன் திறந்தார், சரி. அவர் கப்பலில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்திருக்கும். நம்மிடம் இல்லையே. அந்தப் படத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்றார்கள்.

பார்ப்பதற்குத்தான் படம் இல்லை. தொடரை எடுத்தவர் கேபிள் தர்மக்கண். தொழில் நொடித்தபோது, தொடர் பதிந்திருந்த நாடாக்களின் மேலேயே ஊர்க் கல்யாணங்களைப் பதிந்துவிட்டார். இனி அது இருப்பதென்றால், பார்த்தவர்களின் மனத்துக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும். எங்கள் காட்சிக் காப்பகம் என்னையும் துயில்வடிக் கருவியையும் அனுப்பிவைத்தது அதனால்தான்.

*

எலுமிச்சை மண்டியில் காலை ஏலம் முடிந்ததும் தரையைக் கழுவிப் பாய் விரித்து, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். எவ்வளவு கழுவியும் வாசனை போகவில்லை. பகல் சாப்பாடு முடிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் எழுபது வயதை ஒட்டி இருக்கும். அவர்களைத் திரட்டிக்கொடுத்தவர் ஆவுடைத்தங்கம் அம்மா. அதே மண்டியில் ஏலம் கூறிக் கூறி வளர்ந்த குரல். தூங்க வைப்பதைக்கூட ஏலம் விடுவதுபோலத்தான் செய்தார்.

"பேச்சிக்கனி, நீ இங்கன சாய்ஞ்சு படு. கோமதிநாயகம் அண்ணே, கொறட்டை விட்டா பாயோட தூக்கி வெளிய போட்டுருவேன், சொல்லிட்டேன்."

"எனக்கு இன்னைக்கா நாளைக்கா?" என்றார் கோமதிநாயகம்.

"நாளைக்குத்தான். இன்னைக்கு வந்து சும்மா எடத்தப் பிடிக்காதியும்."

பேச்சிக்கனி அம்மா படுக்காமல் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் சங்கிலியின் அக்கா அவர். என் கையிலிருந்த கருவிப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குமா தாயி?"

"வலிக்காதும்மா. இதை நெத்தியில கட்டுவேன். நீங்க அசந்ததும் அந்தத் தொடரோட ஆரம்ப இசையைச் சன்னமா வைப்பேன். ஆவுடைத்தங்கம் அம்மாதான் முனகிக் காட்டினாங்க. அது உங்க மனசுக்குள்ள போய்த் தட்டும். உள்ள எங்க இருந்தாலும் அந்தக் கதை எழுந்து வரும். வர்றது இந்த வேட்டியில படமா விழும்."

"பொறவு?"

இதைச் சொல்லாமல் யாரையும் படுக்கவைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. "பிறகு அது உங்ககிட்ட இருக்காது. வடிச்சா வடிச்சதுதான்."

"பிழிஞ்ச எலுமிச்சங்கான்னு சொல்லுங்க" என்றார் கோமதிநாயகம்.

"தோலு இருக்கும்லா அண்ணே. ஊறுகா போட்டுக்கிடலாம்" என்றார் ஆவுடைத்தங்கம் அம்மா. படுத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிக்கனி அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எடுத்துக்கோ தாயி. எந்தம்பி வச்ச முறை நிக்கணும்லா. அவனே போயிட்டான், இத மட்டும் நான் என்னத்துக்குப் பொத்தி வைக்க?" என்றபடி பாயில் சாய்ந்தார்.

அன்று படுத்தவர்கள் எல்லாரும் கீழத்தெருக்காரர்கள். மின்விசிறி சுற்றியது. வெளியே வண்டியில் சாக்கு ஏற்றும் சத்தம் மெல்லத் தேய்ந்தது. ஒருவர் பின் ஒருவராக உறங்கிப்போனார்கள். சுவரில் கட்டிய வேட்டியில் நீலம் கசிந்தது.

எத்தனையோ படங்களை இப்படி வடித்திருக்கிறேன். இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. வானம் நனைந்த துணியாகத் தாழத் தொங்கியது. அதன் அடியில் கரையே இல்லாத நீர். அந்த நீரின்மேல் கப்பல் ஒன்று மீன்போல மூச்சுவிட்டபடி மிதந்தது. அதற்குள் நடந்தவர்களின் தலையில் கண்ணாடித் தொப்பிகள். ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் சின்னதாக ஒரு மேகம். யாரும் உரக்கப் பேசவில்லை. பேசினால் சொற்கள் வாயிலிருந்து குமிழிகளாக எழும்பி, கூரையில் முட்டி உடைந்த பிறகுதான் கேட்டன.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஒரே தொடரைப் பார்த்தவர்களின் நினைவில் நடிகரின் முகம் ஒன்றாகத்தான் இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒருவர் உறக்கத்தில் கேப்டன் ஒல்லியாக, பஸ் கண்டக்டர் சாயலில் இருந்தார். இன்னொருவர் உறக்கத்தில் மீசை இல்லாமல் ஒரு வாத்தியாரைப்போல. பேச்சிக்கனி அம்மாவின் கேப்டனுக்கு முகமே இல்லை. குரல் இருந்தது, அதுவும் ஒரு சிறுமியின் குரல்.

கடைசி வாரக் கதையும் அவரிடமிருந்துதான் வந்தது. கப்பலின் கதவை யாரோ தட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கேப்டனைப் பார்க்கிறார்கள். அவர் கையில் ஒரு செம்பு. அதன் அடியில் மிச்சம் ஒரே ஒரு வாய்க் குடிதண்ணீர். நிலவு கேட்ட கேள்விக்குப் பதில் இதோ என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கேப்டன் தாழை விலக்கினார். கதவு திறந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த வெளிச்சத்தில் வேட்டி முழுக்க வெளுத்துப் போயிற்று. "யாருன்னு பொறவு கேப்போம். முதல்ல குடிங்க" என்றது அந்தச் சிறுமியின் குரல்.

பேச்சிக்கனி அம்மா கண் விழித்தார். எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"நல்ல ஒறக்கம். என்னத்துக்கு எல்லாரும் என்னையே பாக்கிய?"

ஆவுடைத்தங்கம் அம்மா அவர் பக்கத்தில் குந்தினார். "ஏட்டி, கேப்டன் தெறந்துட்டாருட்டி. செம்போட வந்தது துணியில."

"எந்தக் கேப்டன்?"

அவர் கிண்டல் செய்கிறார் என்று முதலில் சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அவரோ மரியாதைக்காக ஒரு சிரிப்புச் சிரித்தார், புரியாத பேச்சுக்கு நாம் சிரிப்போமே, அப்படி. ஆவுடைத்தங்கம் அம்மா எழுந்துபோய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

*

மறுநாள் மேலத்தெருக்காரர்களின் முறை. கோமதிநாயகம் படுத்ததும் குறட்டை வந்தது. குறட்டையோடு வேட்டியில் படமும் வந்தது.

வறண்ட குளம். பாளம் பாளமாக வெடித்த மண். அதுதான் கோள். தலைக்குப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, முகத்துக்கு நேரே சதுரமாக வெட்டி, வெள்ளி வண்ணம் அடித்திருந்தார்கள். கப்பலின் கதவு ஒரு கடையின் இரும்பு ஷட்டர். கேப்டன் தர்மக்கண்ணேதான். மீசையில் வியர்வை மினுங்கியது. கப்பலின் உள்ளே, கட்டுப்பாட்டுப் பலகை என்று ஒரு பழைய டேப்ரெக்கார்டரை வைத்திருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. கேப்டன் திரும்பிக் கேனைப் பார்த்தார். கேமராவும் பார்த்தது. அரைக் கேன் தண்ணீர் இருந்தது.

"மன்னிச்சிருங்க. எங்களுக்கே பத்தாது" என்றார் கேப்டன். தாழைப் போட்டார். தட்டும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. 'முற்றும்' என்று எழுத்து விழுந்தது.

நான் கோமதிநாயகத்துக்கு அடுத்து இன்னும் இரண்டு மேலத்தெருக்காரர்களை உறங்கவைத்துப் பார்த்தேன். அதே வாளி, அதே அரைக் கேன், அதே தாழ்.

ஆவுடைத்தங்கம் அம்மா பின்கட்டில் அழுகல் காய்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"அம்மா, கேப்டன் கதவைத் திறக்கவே இல்லையே."

"ஆமா, அவரு எங்க தெறந்தாரு?" அவர் நிமிரவில்லை. "நான்தான் தெறந்தேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே சொன்னார்.

"அப்பல்லாம் கரண்டு கெடையாதும்மா. தெருவுக்குத் தெரு முறை வச்சு நிப்பாட்டுவான். தொடர் போடுத நேரத்துல எங்க மேலத்தெருவுல இருக்கும், கீழத்தெருவுல இருக்காது. அவ்வோ எப்படிப் பாப்பாவ? முடிஞ்ச உடனே நான் ஓடுவேன். கீழத்தெருவே இருட்டுல உக்காந்திருக்கும், நான் வருவேன்னு. நான் சொன்னாத்தான் அவங்களுக்குப் படம்."

"அப்போ அந்தக் கண்ணாடித் தொப்பி?"

"வாளின்னு சொன்னா சிரிச்சிருவாளுகல்லா. காஞ்ச கொளம்னு சொன்னா, அதத்தான் நாங்க தெனம் பாக்கமே, இதுக்கு என்னத்துக்கு வேற கோளுக்குப் போகணும்னு கேப்பாளுக. அதான் தண்ணியா ஊத்திட்டேன்."

"கடைசி வாரம் மட்டும் ஏன் மாத்தினீங்க?"

அவர் கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டே இருந்தார். "அந்த வாரந்தான் எங்க தெருக் கொழாய்க்குப் பூட்டுப் போட்டாவ. கீழத்தெருவுலருந்து கொடத்தோட வந்து நின்னுட்டு, ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போனாவ. பேச்சிக்கனியும் போனா, சங்கிலியக் கையில பிடிச்சுக்கிட்டு. நான் மச்சுலருந்து பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கே சாயந்திரம் இந்தக் கதை. தட்டுதாங்கன்னு சொன்ன ஒடனே அவ கேக்கா, 'தெறந்தாராட்டி?'ன்னு. மூடிட்டாருன்னு அவ மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல? வாய்ல வரல."

"ஆனா அது இல்லாத ஒண்ணும்மா."

"வாளியக் கவுத்துக்கிட்டு வேற கோளுக்குப் போனது மட்டும் இருந்ததாக்கும்?"

உள்ளே வந்து தலைமையகத்தைக் கூப்பிட்டேன். என் மேலதிகாரி நிதானமானவர். விதியைத்தான் சொன்னார். "பார்த்தவங்க நினைவுதான் படம். கேட்டவங்க நினைவைச் சேர்க்கக்கூடாது, அது கலப்படம். மேலத்தெருப் பிரதியை அனுப்பு."

அவர் சொன்னது தவறில்லை. நானும் இத்தனை வருடம் அதைத்தான் செய்துவந்தேன். வேட்டியின் முன்னால் உட்கார்ந்து, கருவியின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட இரண்டு கதைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிர்காலம் பற்றி அந்தத் தொடர் காட்டிய எதுவும் பலிக்கவில்லை. டேப்ரெக்கார்டரால் கப்பல் எதுவும் ஓடவில்லை. யாரும் தலையில் வாளி மாட்டவில்லை. பலித்தது ஒன்றே ஒன்று. ஒரு கதவு திறந்தது, இத்தனை வருடம், தட்டியவர்களுக்கெல்லாம். அது தொடரில் இல்லவே இல்லை. ஆனால் தொடர் இல்லாமல் அதுவும் வந்திருக்காது.

*

அன்று சாயங்காலம் நிலவுக்குடியிலிருந்து ஜெபக்கனி கூப்பிட்டாள். அங்கேயே பிறந்த பெண். கதவுப் பொறுப்பு அவளுடையது.

"அக்கா, வண்டி வெளிச்சம் எங்களுக்குத் தெரியுது. எல்லாரும் கதவு மண்டபத்துக்கே வந்துட்டாங்க. இங்கயே திரை கட்டியாச்சு. படம் எப்போ வரும்?"

குரல் போய்த் திரும்ப ஒரு பெருமூச்சு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் நான் முடிவு செய்துகொண்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம், இரண்டையும்.

"ஜெபக்கனி, ரெண்டு வந்திருக்கு. கண்ணால பார்த்தவங்க நினைவுல, அரைக் கேன் தண்ணி இருந்தும் கேப்டன் கதவை மூடுறார். கேட்டவங்க நினைவுல, ஒரு வாய்த் தண்ணியோட திறக்கிறார். சங்கிலி சார் பார்த்தவர் இல்லை, கேட்டவர். திறந்தது கேப்டன் இல்லை. கதை சொன்ன ஒரு பொண்ணு."

பெருமூச்சு நேரம் கடந்தது. பின்னால் சபையின் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"அப்படின்னா," என்றாள் ஜெபக்கனி, "எங்களுக்கு முன்னால இப்படி யாருமே திறந்ததில்லையா?"

"தெரியலைம்மா. அந்தப் படத்துல இல்லை."

என் பின்னால் நின்ற ஆவுடைத்தங்கம் அம்மா கையை நீட்டினார். "எங்கிட்ட குடு."

"நீங்க இன்னும் தூங்கவே இல்லையேம்மா. உங்ககிட்டதான் ரெண்டுமே இருக்கு. வடிச்சு அனுப்பினா…"

"பட்டைய நீயே வச்சுக்கோ. நான் ஒறங்கியா கதை சொன்னேன்? முழிச்சுக்கிட்டுத்தான சொன்னேன்?" போனை வாங்கி எலுமிச்சைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். "எம்மா, கேக்குதா? நான் புளியங்குடி மேலத்தெரு ஆவுடைத்தங்கம் பேசுதேன். ஒங்க சங்கிலிக்குக் கதை சொன்னவ. நீங்க இதுக்குன்னே அங்கன எல்லாரும் உக்காந்திருக்கிய, வெறுங்கையோட அனுப்பக்கூடாதுல்லா. வெளக்க அணைங்க."

ஒரு பெருமூச்சு நேரம். பிறகு ஜெபக்கனியின் குரல் மெதுவாக வந்தது. "அணைச்சாச்சு."

ஆவுடைத்தங்கம் அம்மா சொல்லத் தொடங்கினார். மண்டியில் இருந்தவர்கள் பாயைவிட்டு எழுந்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த கீழத்தெருக்காரர்களோடு சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். பிழியப்பட்டுக் காலியானவர்கள் எல்லாரும் முதல்முறையாகக் கேட்பதுபோலக் கேட்டார்கள். அவர்களுக்கு அது முதல்முறைதானே. வானம் தாழ வந்தது. கப்பல் மூச்சுவிட்டது. தொப்பிக்குள் மேகம் திரண்டது. கோமதிநாயகம் வாயைத் திறந்தபடி இருந்தார். அவருக்கு வாளி ஞாபகமே இல்லை. பேச்சிக்கனி அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்படியே போயிட்டு இருக்கையில, குடிக்கிற தண்ணியெல்லாம் தீந்து போச்சு. கேப்டன் கையில ஒரு செம்பு. அதுல என்ன இருக்குன்னு கேக்காதிய, அத நான் சொல்லமாட்டேன். ஒரு வாய் இருந்தாலும் அவருக்குப் பத்தாது, அரைக் கேன் இருந்தாலும் பத்தாது. அப்பம் பாத்து வெளிய சத்தம். டொக்கு டொக்குன்னு தட்டுதாங்க."

நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில், போனுக்குள் எங்கோ தூரத்தில், இரும்பில் எதுவோ மோதும் சத்தம் கேட்டது. சன்னமாக, ஒரே சீராக. யார் எழுப்பிய சத்தம் அது என்று எங்களுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. வண்டிகள் வந்துசேர்ந்துவிட்டன.

பேச்சிக்கனி அம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஆவுடைத்தங்கம் அம்மாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"தெறந்தாராட்டி?"

ஆவுடைத்தங்கம் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு போனின் பக்கம் குனிந்தார்.

"இந்தா இவ கேக்கா பாருங்க. நான் ஒருதரம் சொல்லிட்டேன், எம்முறை முடிஞ்சுது. இப்பம் கதவு ஒங்ககிட்டதான இருக்கு. நீங்க சொல்லுங்க இவளுக்கு."

ஒரு பெருமூச்சு நேரம் போனது. இன்னும் ஒன்று. பேச்சிக்கனி அம்மா ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை வேட்டியைப் பார்த்தார். வேட்டி வெறுமையாக இருந்தது. மின்விசிறியின் காற்றில் அதன் கரை மட்டும் ஆடியது. போனுக்குள், நிலவுக்குடியின் இருட்டில் யாரோ இருவர் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒருவர் "கூடாது" என்றது தெளிவாகவே கேட்டது. காலடிகள் கேட்டன. நிலவில் காலடி நம்முடையதுபோல அடுத்தடுத்து விழாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கனவு கண்டுவிடலாம்.

பிறகு கனத்த இரும்பு இழுபட்டது. காற்று சீறி அடங்கியது. பலர் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கினார்கள்.

அப்புறம் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. அங்கே தண்ணீர் மடமடவென்று விழுவதில்லை. சாய்த்த பாத்திரத்திலிருந்து யோசித்து யோசித்து இறங்குகிறது. எலுமிச்சை மண்டியில் இருந்த அத்தனை பேரும் அது இறங்கி முடியும்வரை அசையாமல் இருந்தோம். யாரோ ஒருவர் குடித்தார். தொண்டையில் ஒவ்வொரு மடக்காக இறங்குவது எங்களுக்குக் கேட்டது. அவர் குடித்து முடிக்கும்வரை யாரும் அவரிடம் பெயர் கேட்கவில்லை.